பூக்குழிக்கு முன்னால் ஒரு நைலான் நூல்

“எப்பக்கா ஆரம்பிக்கப் போற?” என்று கேட்டான் என் தம்பி சந்திரன்.

நான் முடித்தே விட்டிருந்தேன்.

கோயில் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். நான் கீழே பாய் விரித்து அவன் வலது காலை மடியில் வைத்திருந்தேன். என் கையில் பேனா நீளத்தில் ஒரு கைப்பிடி. அதன் நுனியில் தூண்டில் நூல் மாதிரி விறைப்பாக ஒரு நைலான் நூல். அந்த நுனியை உள்ளங்காலில் வைத்து நூல் வளைகிற வரைக்கும் அழுத்த வேண்டும். தொட்டது தெரிந்தால் அவன் ‘ஆமா’ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

கட்டை விரலில் வைத்தேன். சுண்டு விரலில் வைத்தேன். நடுப்பாதத்தில் வைத்தேன். இடது காலை எடுத்து அதிலும் வைத்தேன். ஒரு ‘ஆமா’கூட வரவில்லை. கடைசியில் அவன் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெஞ்சாரோம் பக்கத்து செம்பனைத் தோட்டத்துக் கோயில் அது. தீமிதித் திருவிழாவுக்காக எல்லாரும் கோத்தோங் ரோயோங், அதாவது ஊர்கூடித் துப்புரவு வேலை, செய்ய வந்திருந்தார்கள். வெட்டிய புல்லின் வாசனையும் தூரத்து ஆலையின் புளித்த எண்ணெய் வாடையும் கலந்து வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. பூக்குழியில் முதலில் இறங்குகிறவன், தலையில் கரகத்தோடு இறங்குகிறவன், பல வருஷமாக என் தம்பிதான்.

“முடிஞ்சிருச்சுடா” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோயில் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். சந்திரன் காலை அம்மனே தன் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறாள், நூல் குத்தினால் அவனுக்கு எப்படித் தெரியும் என்றார். சந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டான்.

நான் மட்டும் சிரிக்கவில்லை.

நாசி லெமாக் கடையில் மாட்டிய கதை

நான் எப்படி இந்த நூலும் கையுமாக உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டாமா? என் நாசி லெமாக் கடையைப் பற்றிப் போன சில வாரங்களில் இந்தப் பத்தியில் எழுதினேன். எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில், மாமரத்தடியில், காலையில் ஏழு மணிக்கெல்லாம் சட்டி காலியாகிவிடும். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்தான் மிஸ்ஸி ரொஹானா. கவர்மெண்ட் கிளினிக்கில் தாதி. எங்கள் ஊரில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

ஒருநாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். சுகாதார அலுவலகம் ஊர் ஊராகத் தொண்டூழியர்களைச் சேர்க்கிறதாம். சனி ஞாயிறுகளில் கிள்ளானில் பயிற்சியாம். இங்கே யார் வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று தெரிந்த ஒருத்தி வேண்டுமாம். நேராக என்னைப் பார்த்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காலங்காத்தால தேங்காய்ப்பால் சோறும் இனிப்புத் தேத்தண்ணியும் விற்கிறவள் நான். இந்தத் தாமானுக்கே இனிப்பு நீர் வியாதியை ஊற்றிக் கொடுக்கிறவளே நான்தான் மிஸ்ஸி என்றேன். அதனால்தான் உன்னிடம் எல்லாரும் வருகிறார்கள், கிளினிக்குக்கு ஒருத்தரும் வருவதில்லை என்றார் அவர் மலாயில். வாயடைத்துப் போனேன். என் வாயை அடைத்தவர்கள் இந்த உலகத்தில் ரொம்பக் குறைவு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு எதற்கு இந்த வயதில் பள்ளிக்கூடம் என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அன்றைக்கே பேரைக் கொடுத்துவிட்டேன்.

வாயைக் கட்டுகிற பாடம்

முதல் நாள் கிள்ளான் மண்டபத்துக்குள் காலை வைத்தபோது எனக்குப் பல் தந்தியடித்தது. குளிர்சாதனம் அப்படி. ஆனால் உள்ளே ஒரே கொண்டாட்டம். ஜெஞ்சாரோமிலிருந்து, மேருவிலிருந்து, இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துக் கம்பங்களிலிருந்து என்று மலாய்க்கார அக்காக்கள், சீனத்து ஆன்டிகள், நம் ஆட்கள். ஆளுக்கொரு டி-சட்டை கொடுத்தார்கள். எனக்கு வந்தது ரெண்டு சுற்றுப் பெரியது. மாற்றித் தரட்டுமா என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் பேரை அச்சடித்த ஒரு பொருள் அதற்கு முன்னால் என்னிடம் இருந்ததில்லை, அடையாளக் கார்டைத் தவிர.

பிரஷர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். விரலில் குத்தி இனிப்பு நீர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக் குத்திக் குத்திப் பழகினோம். நான் குத்திய சீனத்து ஆன்டி ‘ஐயோ’ என்று தமிழில் கத்தினார். மண்டபமே சிரித்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தாமானில் ஒருத்தர் விரலையும் விடவில்லை. நான் வருவதைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எல்லாம் வந்தது. வராதது ஒன்றுதான். மிஸ்ஸி ரொஹானா வெள்ளைப் பலகையில் மூன்று சொல் எழுதினார். பார். சொல். அனுப்பு. காயத்தைக் கண்டால் பார்க்கலாம், கிள்ளக் கூடாது. வியாதியைக் கண்டால் சொல்லலாம், திட்டக் கூடாது. மருந்து கொடுக்கக் கூடாது, கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். திட்டாமல் எப்படிச் சொல்வது? எனக்கு அது சத்தியமாகப் புரியவில்லை. நடித்துக் காட்டச் சொன்னார்கள். மாத்திரை போடாத கிழவராக ஒருத்தர் நடித்தார். நான் ரெண்டே நிமிஷத்தில் அவரை அழ வைத்துவிட்டேன். நடிப்புக்கு அழவில்லை அவர், நிஜமாகவே கண் கலங்கிவிட்டார்.

நாக்கை மேல்பல்லில் ஒட்டிவைத்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணு அக்கா என்று சொல்லிக்கொடுத்தார் மிஸ்ஸி. எனக்கு மட்டும் தனிப் பாடம்.

கால் பாடம் கடைசியில் வந்தது. இனிப்பு நீர் ரொம்ப நாள் உடம்பில் இருந்தால் கால் நரம்பு செத்துப் போகும், சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது, தெரியாத காயம் புழுத்துக் கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அப்புறம் அந்த நூலைக் கையில் கொடுத்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால் எனக்கு நூல் தெரியவில்லை. நூல் வளைந்ததா இல்லையா என்று கண்ணுக்குப் புலப்படவே இல்லை. ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். பூக்கடை வரிசையைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கடையில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி அங்கேயே மாட்டினேன். எதிரே நின்ற கடைக்காரப் பையன் மூக்கில் மச்சம் தெரிந்தது. வெளியே வந்து என் உள்ளங்கையைப் பார்த்தேன். இத்தனை ரேகையா என்றிருந்தது. வீடு வந்து சேரும் வரை ரயிலில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன்.

கறுப்பாக ஒரு புள்ளி

அந்தக் கண்ணாடி மட்டும் இல்லையென்றால் அன்றைக்குக் கோயிலில் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அவன் இடது குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, வெடிப்புக்குள், கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. சந்திரன் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். எனக்கும் அந்தத் தோட்டத்து முள்ளைத் தெரியும். உள்ளே ஒடிந்து நிற்கிற முள் அது. ஏறினால் ஆள் அலறுவான். இவன் அதை வைத்துக்கொண்டு கிளட்ச் மிதித்து, லோரியில் ஏறி இறங்கி, அன்றைக்குக் காலையில் புல்லும் வெட்டியிருக்கிறான்.

கை பரபரத்தது. ஊசி எடுத்து ஒரே நெம்பில் எடுத்துவிடலாம். வாயும் பரபரத்தது. அம்மன் ஏந்தவும் இல்லை, ஒன்றும் இல்லை, உன் கால் செத்துப் போயிருக்கிறதுடா பாவி என்று கத்தலாம். கிளினிக்கில் இனிப்பு நீர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தபோது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்தினவன்தானே இவன்.

நாக்கை மேல்பல்லில் ஒட்டினேன். எண்ணினேன். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கைப்பேசியை எடுத்து அவன் குதிகாலைப் படம் பிடித்தேன். படத்தைப் பெரிதாக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“என்னக்கா இது?”

“உன் காலு.”

“அழுக்கு லா.”

“முள்ளுடா.”

அவன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். அழுத்திப் பார்த்தான். இன்னும் பலமாக அழுத்தினான். கொஞ்சம் சீழ் வந்தது. முகத்தில் வலி வரவில்லை. பயம் வந்தது. மீசையிலிருந்த கை தானாக இறங்கியது.

தலைவர் இன்னமும் அம்மன் அருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சந்திரன் அவரைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். நாளைக்கு லோரி எடுக்கவில்லை, கிளினிக்குக்கு வருகிறேன் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன், சொன்னேன், அனுப்பிவிட்டேன். ஒரு வசவுகூட இல்லாமல். மிஸ்ஸி ரொஹானாவுக்கு உடனே போன் போட்டேன். அவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம், நான் கத்திய கத்தலில்.

வாழைப்பழப் பொரியல் கடை ஓரம்

மறுநாள் கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் டாக்டர், தமிழ்ப் பிள்ளை. முள்ளை எடுத்து ஒரு பஞ்சில் வைத்துக் காட்டினாள். அரை விரல் நீளம் இருக்கும். கட்டுப் போட்டாள். இரத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விரலோடு போகாது, முழங்காலோடு போயிருக்கும் என்றாள்.

கூட வந்திருந்த சந்திரனின் மனைவி செல்வி அப்போதுதான் கேட்டாள், வர்ற வாரம் தீ மிதிக்கலாமா என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அங்கிள், நான் சாமிய பத்தி ஒன்னும் சொல்லல. ஆனா இந்தக் காலோட நெருப்புல எறங்கினா, வெந்து போனதுகூட உங்களுக்குத் தெரியாது.”

செல்வி வேலைக்குப் போக வேண்டும் என்று அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டாள். நானும் சந்திரனும் அவன் சின்ன வேனில் திரும்பினோம். வழியில் ஒரு பீசாங் கோரேங் கடை. பழக்கத்தில் நிறுத்திவிட்டான். வாழைப்பழம் எண்ணெயில் பொரிகிற வாசனை. நான் அவனை முறைத்தேன். அவன் வண்டியை விட்டு இறங்கவும் இல்லை, கிளப்பவும் இல்லை.

அவன் எதை இழக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மகள் கவிதா கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிழைத்தால் உயிருள்ளவரை உன் குழியில் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். இவனும் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. படித்தவன் இல்லை, வசதி இல்லை. வருஷத்தில் ஒரே ஒருநாள் ஊரே வழிவிட்டு நிற்கும், கரகத்தோடு அவன் முன்னே போவான். அந்த ஒருநாளை வைத்துத்தான் மிச்ச நாளெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“முத வருசம் சுட்டுச்சுக்கா” என்றான் திடீரென்று. “உயிரே போயிருச்சு. ஒரு வாரம் நடக்க முடியல. அப்புறம் கொறஞ்சிக்கிட்டே வந்துச்சு. இப்பல்லாம் சுடுறதே இல்ல. மத்தவன்லாம் தீயத் தாண்டிப் பால்குழியில கால வச்சதும் தவிச்சுப் போயிருவான். நான் சிரிச்சிக்கிட்டே நிப்பேன். அம்மாவுக்கு என்மேல மட்டும் தனிப் பாசம்னு நெனச்சேன்.”

கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தான்.

“அப்ப இத்தன வருசமா அவ என்னத் தொடவே இல்லையாக்கா?”

இதற்குப் பதில் கிள்ளான் மண்டபத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நாக்கு மேல்பல்லில்தான் ஒட்டியிருந்தது. ஆனால் இந்த முறை அதை எடுத்தேன்.

“முத வருசம் நீ எறங்கி ஏறினப்ப கவிதா எங்கடா இருந்தா?”

“செல்வி மடியில. அப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருந்தா.”

“அன்னிக்கு சுட்டுச்சுல்ல. அதான்டா அம்மா தொட்டது. அன்னிக்கே வேண்டுதல வாங்கிக்கிட்டா.”

ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். தொண்டூழியர் அழக் கூடாது என்று பயிற்சியில் சொன்ன ஞாபகம் இல்லை. கடைக்கார மலாய் அக்கா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பையில் நாலு பொரியலைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். ரெண்டை நான் தின்றேன், மிச்ச ரெண்டையும் நானே தின்றேன். அவனுக்குக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காப்புக்கு முன் கால்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் காப்புக் கட்ட எல்லாரும் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி முதல் ஆளாகச் சந்திரன் பெயரைக் கூப்பிட்டார். இவன் முன்னால் போனான், கையை நீட்டவில்லை. கட்டுப் போட்ட காலைக் காட்டினான்.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காள் ஒரு நூலை வைத்துக்கொண்டு அம்மாவையே சோதிக்கிறாள் என்றார். நான் எண்ண ஆரம்பித்தேன். பூசாரி கையமர்த்தினார். அவர் அதிகம் பேசாத மனுஷன். அம்மா கேட்பது பக்தன் உடம்பில் உறைக்கிற சூடு, உறைக்காத காலை அவளுக்குக் கொடுத்து என்ன பயன் என்று கேட்டார். முடியாதவர்கள் குழியைச் சுற்றிவந்து கும்பிட்டால் போதும் என்பது இந்தக் கோயிலில் எப்போதும் உள்ள வழக்கம்தானே என்றார். பிறகு என் பக்கம் திரும்பி அந்த நூல் பையில் இருக்கிறதா என்றார்.

இருக்கிறதாவா? அது இல்லாமல் நான் சாமான் வாங்கப் பாசாருக்குக்கூடப் போவதில்லை அப்போதெல்லாம்.

“அப்ப காப்புக் கட்டுறதுக்கு முன்ன எல்லாரு காலையும் பாருமா. பாத்துட்டு அனுப்பு, நான் கட்டுறேன்.”

எனக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் வாசனை, சாம்பிராணிப் புகை, நடுவில் நான் என் பெரிய டி-சட்டையோடு. ‘ஆமா’ என்று ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் பக்கத்தில் நின்ற சந்திரன் தானும் மூச்சு விட்டான். ஒருத்தருக்கு மட்டும் ஒரு காலில் ‘ஆமா’ தடுமாறியது. யார் தெரியுமா? நம் தலைவர். அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

இன்றைக்கும் அந்தக் கோயிலில் காப்புக்கு முன் கால் பார்ப்பது நடக்கிறது. நாங்கள் பயிற்சி எடுத்த மண்டபத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியது தனிக் கதை.

பால்குழி

திருவிழா அன்றைக்கு உறுமி உயிரை உலுக்கியது. கரி வெந்து சிவந்து கிடந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் காந்தியது. பூசாரி அனுமதியோடு கரகத்தைத் தலையில் சுமந்து குழியோரம் வரை வந்தது சந்திரன்தான். டாக்டர் போடச் சொன்ன கெட்டியான செருப்புக்குக் கோயிலுக்குள் இடமில்லை, ஆகவே பூசாரி சொன்னபடி கட்டுக்கு மேல் மஞ்சள் துணி சுற்றி, ஈர மணலில் மெதுவாக நடந்துவந்தான். அங்கே நின்று கரகத்தை இறக்கி, மேருவில் தொழிற்சாலை வேலை செய்கிற ரவியின் தலையில் வைத்தான். ரவிக்கு அது முதல் வருஷம்.

செல்வி என் கையை நசுக்கிவிட்டாள். சந்திரன் என்ன செய்யப் போகிறானோ என்று ரெண்டு பேரும் பார்த்தோம். அவன் திரும்பினான். ஓடினான் என்றுகூடச் சொல்லலாம், அந்தக் காலோடு. குழியைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய், பால்குழியின் ஓரத்தில் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். இறங்கி வருகிறவனைத் தாங்கிப் பிடிக்க.

ரவி இறங்கினான். கோவிந்தா, அரகரா, தாயே என்று ஆளுக்கொரு பக்கம் கூவினார்கள். கரகம் ஆடவில்லை. கடைசி எட்டு வைத்து, பாலுக்குள் காலை விட்டு, சந்திரன் நெஞ்சில் மோதி நின்றான் ரவி. முகமெல்லாம் கோணி, பல்லைக் கடித்து, கண்ணில் நீர் கொட்டியது.

“சுடுதுண்ணே” என்றான்.

சந்திரன் அவன் தோளை ரெண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். “சுடுதாடா?”

“நல்லா சுடுதுண்ணே.”

சந்திரன் குழிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான். புகைக்கும் உறுமிக்கும் நடுவே, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

“அக்கா, சுடுதாம்க்கா!”